பல்லாவரம் கல்லும் ஸ்ரீபெரும்புதூர் இலையும்

நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திக்கின்றன. அங்கே நின்று பார்த்தால் நிலம் எல்லாப் பக்கமும் தட்டை. கிழக்கே பூந்தமல்லி வீடுகள், மேற்கே செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, இடையில் கல்லூரிகளும் கிடங்குகளும். குன்று என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தென்கிழக்கே பல்லாவரமோ பரங்கிமலையோ போனால் கருங்கல் தரையைப் பிளந்துகொண்டு மேலே நிற்கிறது. அதே நெடுஞ்சாலையில் மேற்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் வெளிறிய, சிறிது இளஞ்சிவப்பு ஓடிய களிப்பாறை. ஏடு ஏடாகப் பிரியும் அந்தப் பாறைக்குள் இலைகளின் அச்சு பதிந்திருக்கிறது. கூடவே சில இடங்களில் கடல் உயிரிகளின் ஓடுகளும் கிடைத்திருக்கின்றன.

இந்த இரண்டு கற்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க நியாயமே இல்லை. பல்லாவரம் கல்லின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. அது உருவான இடம் தரைக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே. ஸ்ரீபெரும்புதூர் களிப்பாறைக்கு வயது 12, 13 கோடி ஆண்டுதான். அது ஆழமற்ற நீரில் சேறாகப் படிந்தது. ஆழத்தில் பிறந்தது மேலே வந்து நிற்க, கடலோரச் சேறு கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளிக் கிடக்க, இரண்டும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் எப்படிச் சேர்ந்தன? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் பூமியின் உள்ளமைப்பும் கண்டங்களின் நகர்வும் முழுதாக வெளிவந்துவிடும். அதற்காக இமயமலைக்கோ ஜப்பானுக்கோ போகத் தேவையில்லை என்பதே இதை எழுதத் தூண்டியது.

பல்லாவரம் கல்லிலிருந்து தொடங்குவோம். அதற்கு உலகப் புவியியலில் ஒரு தனிப்பெயர் உண்டு: சார்னோகைட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து, கொல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல்லைக் கவனித்தார். அது சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல். அந்தக் கல்லறைக்காரரின் பெயரையே 1890களில் அவர் பாறைக்கு வைத்தார். 1900இல் இந்தப் பாறைக் குடும்பத்தைப் பற்றி ஒரு விரிவான ஆய்வு நூலையும் வெளியிட்டார். இன்று நார்வேயிலோ பிரேசிலிலோ இதே வகைப் பாறையைக் கண்டாலும் சார்னோகைட் என்றுதான் எழுதுகிறார்கள். பரங்கிமலையில் உள்ள சார்னோகைட் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களில் ஒன்று.

பார்வைக்கு அது கறுத்து, கொஞ்சம் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு இருக்கும். மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் தெரியும். இவை கிரானைட்டிலும் உண்டு. கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்றொரு கனிமம் தெரியும். கிரானைட்டில் அந்த இடத்தில் பொதுவாக மைக்கா இருக்கும். மைக்காவின் படிகத்துக்குள் நீர் கட்டுண்டு கிடக்கிறது. ஹைப்பர்ஸ்தீனில் நீர் கிடையாது. அதாவது நீர் அனேகமாக முழுவதும் வெளியேறும் அளவுக்கு அந்தப் பாறை சூடேறியிருக்கிறது.

எவ்வளவு சூடு, எவ்வளவு ஆழம்? இதைக் கண்டுபிடிக்கும் வழி எனக்குப் பெரும் வியப்பைத் தருவது. இரண்டு கனிமங்கள் ஒட்டியிருக்கும்போது இரும்பு, மெக்னீசியம் அணுக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறிக்கொண்டிருக்கும். எது எங்கே எவ்வளவு தங்கும் என்பதை வெப்பமும் அழுத்தமும் தீர்மானிக்கின்றன. பாறை குளிர்ந்ததும் அந்தப் பங்கீடு அப்படியே உறைந்துவிடுகிறது. ஆய்வகத்தில் அதே கனிமங்களை உலையில் வைத்து, தெரிந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் அமுக்கிப் பார்த்து ஒப்பிடுகிறார்கள். சார்னோகைட் தரும் விடை: 700 முதல் 900 பாகை செல்சியஸ் வெப்பம், 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம். வயதைச் சொல்வது சிர்க்கான் என்ற சிறு மணிகள். அவற்றுக்குள் சிக்கிய யுரேனியம் மாறாத வேகத்தில் காரீயமாகிக்கொண்டே இருப்பதால், எவ்வளவு காரீயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் போதும்.

ஆக, பரங்கிமலைப் படிகளில் ஏறுகிறவர் மிதிக்கும் கல் ஒரு காலத்தில் அவருக்குக் கீழே 20, 25 கிலோமீட்டரில் இருந்தது. மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில், 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியதோடு நின்றுவிட்டது. அதைவிட இரு மடங்கு ஆழத்துக் கல்லை நாம் கோயில் படிக்கும் கட்டட ஜல்லிக்கும் பயன்படுத்துகிறோம்.

அது மேலே வந்தது எப்படி என்பதற்கான விளக்கம் அதே பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கிய ஒரு வேலையின் பக்கவிளைவாகக் கிடைத்தது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன், பரங்கிமலைப் பக்கத்தில் ஒரு நேர்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அந்த அடிக்கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டி, இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் அளந்ததுதான் மாபெரும் முக்கோண அளவைத் திட்டம். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதை வடக்கே இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார்.

வடக்கே ஒரு சிக்கல் வந்தது. மத்திய இந்தியாவின் கலியான்பூருக்கும் முசாபர்நகர் அருகிலுள்ள கலியானாவுக்கும் இடையிலான தூரத்தை முக்கோணங்களால் கணக்கிட்டால் ஒரு விடை. விண்மீன்களைப் பார்த்து அட்சரேகை வழியாகக் கணக்கிட்டால் இன்னொரு விடை. வித்தியாசம் 150 மீட்டரைச் சற்றுத் தாண்டியது. விண்மீனின் உயரத்தை அளக்க ‘நேர் கீழ்’ எது என்று தெரிய வேண்டும். அதைத் தூக்குக்குண்டு காட்டும். இமயமலையின் பொருள்திரள் குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கும், அதனால்தான் பிழை என்று கொல்கத்தாவில் மதகுருவாக இருந்த கணிதர் ஜான் ஹென்றி பிராட் சந்தேகித்தார். மலையின் பருமனை வைத்து இழுப்பைக் கணக்கிட்டார். வந்த விடை அவரையே திகைக்க வைத்தது: குண்டு உண்மையில் விலகியதைப் போல மூன்று மடங்கு விலகியிருக்க வேண்டும். இமயமலை தன் பருமனுக்கு ஏற்ற அளவு இழுக்கவில்லை.

1855இல் ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் இதற்கு ஒரு விடை சொன்னார். மலை, உறுதியான தரை மீது வைத்த பாரம் அல்ல. தன்னைவிட அடர்த்தியான பொருளில் மிதப்பது. மேலே எவ்வளவு உயரமோ அதைவிடப் பல மடங்கு ஆழத்துக்கு அதன் வேர் கீழே அமிழ்ந்திருக்கும். அடர்த்தியான பொருள் இருக்க வேண்டிய இடத்தை எடை குறைந்த வேர் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் தூக்குக்குண்டின் மீது இழுப்பு குறைகிறது. பிராட் வேறொரு விளக்கம் தந்தார், உயரமான இடங்களின் கீழே பாறையே அடர்த்தி குறைந்தது என்று. இரண்டிலும் உண்மை இருப்பதைப் பிந்தைய அளவீடுகள் காட்டின. ஆனால் இமயமலைக்கு ஏரியின் வேர்தான் பொருந்துகிறது.

இந்த மிதப்புச் சமநிலையைக் காசிமேட்டில் பார்க்கலாம். மீன்பாரம் ஏற்றி வந்த விசைப்படகின் உடல் நீருக்குள் அழுந்தியிருக்கும். பெட்டி பெட்டியாகச் சரக்கு இறங்க இறங்க, காலையில் நீருக்கடியில் இருந்த பாசி படிந்த அடிப்பலகை வெளியே தெரியத் தொடங்கும். மலைக்கும் அதுவே நடக்கிறது. மழையும் ஆறும் மேலிருந்து அரிக்க, பாரம் குறைய, வேர் எழும்புகிறது. எழும்பியது மறுபடி அரிக்கப்படுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் இது தொடர்ந்தால் மலையின் அடிவயிறு தரைக்கு வந்துவிடும். பல்லாவரம் கல் அப்படி வெளிப்பட்ட அடிவயிறு.

இதிலிருந்து இன்னொன்றையும் ஊகிக்கலாம். இன்று தென்னிந்தியாவின் கீழே மேலோட்டின் தடிமன் ஏறத்தாழ 35 முதல் 45 கிலோமீட்டர். இதற்கு மேலே 20, 25 கிலோமீட்டர் பாறை அரித்துப் போயிருக்கிறது என்றால், அன்று மொத்தத் தடிமன் 60, 65 கிலோமீட்டர் இருந்திருக்கும். இன்று அத்தகைய தடிமன் திபெத்திலும் ஆண்டிஸ் மலைத்தொடரிலும்தான் உண்டு. சென்னை இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட உயர்ந்த மலைத்தொடர் நின்றது என்று எண்ணுவதற்கு இந்தக் கருங்கல்லே சான்று.

மேலோடு என்றேன். அது எங்கே முடிகிறது என்று யாரும் இறங்கிப் பார்க்கவில்லை. நிலநடுக்க அலைகள்தான் சொல்லின. இதிலும் இந்தியாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1897 ஜூன் 12 அன்று அசாமையும் ஷில்லாங்கையும் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் ஓல்டம் நுணுக்கமாக ஆராய்ந்தார். அந்த நடுக்கம் ஐரோப்பாவின் கருவிகளிலும் பதிவாகியிருந்தது. அந்தக் கோடுகளைப் படித்த ஓல்டம், 1900இல் மூன்று விதமான அலைகள் தனித்தனியே வந்து சேர்வதைக் காட்டினார். முதலில் வருவது பாறையை முன்னும் பின்னும் நெருக்கித் தளர்த்திச் செல்லும் முதன்மை அலை. அடுத்து, பாறையைப் பக்கவாட்டில் ஆட்டிச் செல்லும் இரண்டாம் அலை. கடைசியில், தரையின் மேற்பகுதியோடு மட்டும் பரவும் மேற்பரப்பு அலை.

இரண்டாம் அலைக்கு ஒரு தன்மை உண்டு. திரவத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அது பழைய இடத்துக்குத் திரும்ப முயலாது, வழிந்துவிடும். அதனால் இந்த அலை திரவத்தின் வழியே போகவே முடியாது. எங்கே அது தடைபடுகிறதோ அங்கே உருகிய பொருள் இருக்கிறது என்று பொருள். 1906இல் ஓல்டம், பூமியின் மறுபக்கத்துக்கு வரும் அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாவதைக் கண்டு, நடுவில் வேறு தன்மையுள்ள கருவம் இருப்பதை அறிவித்தார். 1909இல் குரோஷியாவின் மொகொரோவிச்சிச், சில பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் அலைகள் திடீரென வேகம் கூடுவதைக் கண்டார். அதுவே மேலோட்டின் அடி எல்லை. கருவத்தின் எல்லை 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதை குட்டன்பர்க் அளந்தார். அது திரவம் என்று 1926இல் ஜெஃப்ரீஸ் நிறுவினார். 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன், அந்தத் திரவத்துக்குள் இன்னொரு உட்கருவம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அது திடமானது என்பது பின்னர் உறுதியானது. இருபதாம் நூற்றாண்டின் முதல் மூன்றரைப் பத்தாண்டுகளிலேயே பூமியின் படம் ஏறத்தாழ முழுமையாகிவிட்டது. அத்தனையும் காகிதத்தில் அதிர்ந்த கோடுகளிலிருந்து!

மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடையில் உள்ளது கவசம். பூமியின் பருமனில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அதுதான். இங்கே பள்ளிப் படங்களால் பரவிய ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும். நம் காலுக்குக் கீழே கொதிக்கும் நெருப்புக் குழம்பு நிரம்பியிருக்கிறது, கண்டங்கள் அதன்மேல் மிதக்கின்றன என்று பலர் நம்புகிறார்கள். கவசத்தின் வழியே இரண்டாம் அலைகள் தடையின்றிப் போகின்றன. ஆகவே அது திடப்பாறை. சில இடங்களில் கொஞ்சம் மட்டுமே உருகுகிறது. ஆனால் அந்தத் திடப்பாறை அதிக வெப்பத்தில், நீண்ட காலத்துக்கு, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து கொடுக்கிறது. நொடிக்கணக்கில் கடந்துபோகும் அலைக்கு அது கல். கோடி ஆண்டுக் கணக்கில் அமுக்கும் மலைக்கு அது வழிந்துகொடுக்கும் பொருள். ஜார்ஜ் ஏரி சொன்ன மிதப்பு நடப்பது இதில்தான்.

மேலோடும், அதனோடு ஒட்டிய கவசத்தின் குளிர்ந்த மேற்பகுதியும் சேர்ந்து விறைப்பான ஓர் அடுக்காக இருக்கின்றன. தடிமன் நூறு கிலோமீட்டர் அளவில், பழைய கண்டங்களின் கீழே இன்னும் கூடுதல். இந்த அடுக்கு துண்டு துண்டாக உடைந்திருக்கிறது. அந்தத் துண்டுகளே புவித்தட்டுகள். தட்டு வேறு, கண்டம் வேறு. நாம் இருக்கும் இந்தியத் தட்டில் நிலமும் உண்டு, பரந்த கடல்தரையும் உண்டு.

இனி ஸ்ரீபெரும்புதூர் இலைக்கு வருவோம். அந்தப் படிவுகளை முறையாக விவரித்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ஃபூட்தான். பாலாற்றுக்கு வடக்கே உள்ள பகுதியின் புவியியலை அவர் 1873இல் வெளியிட்டார். அங்கிருந்து கிடைத்த தாவரப் புதைபடிவங்களை ஓட்டோகர் ஃபைஸ்ட்மாண்டல் 1879இல் ஆராய்ந்து எழுதினார். பெரணிகள், ஊசியிலை மரங்கள், இன்றைய சைக்கஸை நினைவூட்டும் டைலோஃபில்லம் இலைகள். பூக்கும் தாவரங்கள் பரவுவதற்கு முந்திய காடு அது. டைனோசர்கள் உலவிய காலம். அதே படிவுகளில் அம்மோனைட்டு முதலிய கடல் உயிரிகளின் எச்சமும் கிடைத்ததால், காட்டின் விளிம்பில் கடல்நீர் ஏறி இறங்கியது தெரிகிறது.

இந்தப் படிவு ஸ்ரீபெரும்புதூரோடு நிற்பதில்லை. மேலே ஆற்றுமண் மூடிக்கிடந்தாலும் ஆவடி, கோயம்பேடு, அண்ணா நகர் வரை ஆழ்துளைக் கிணறுகளில் கறுப்பும் சாம்பலுமான களிப்பாறை வருவதை நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். போர் போடுகிறவர்களுக்கு அது பழகிய சங்கதி. அந்தப் பாறை வந்தால் நல்ல தண்ணீர் கிடைக்குமா என்று முகம் சுருங்குவார்கள். வடக்கே சத்தியவேடு, அல்லிக்குழி மலைப்பக்கம் இதே தொகுதியில் உருண்டு திரண்ட குவார்ட்சைட் கூழாங்கற்கள் அடுக்கடுக்காக உள்ளன. கொற்றலையாற்றுப் பகுதியில், அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் கைக்கோடரி செய்யக் குவார்ட்சைட் கல்லைத்தான் எடுத்தார்கள்.

கருங்கல் ஒருபுறம் குன்றாக நிற்க, மறுபுறம் அதே கருங்கல் ஆழத்துக்கு இறங்கி, அதன் மேல் சேறும் கூழாங்கல்லும் நிரம்பியிருக்கிறது என்றால், அது தரை பிளந்து இறங்கிய பள்ளம். கண்டம் ஒன்று இழுபட்டுக் கிழியத் தொடங்கும்போது மேலோடு மெலிந்து, பெரும் பாளங்கள் பிளவுகளை ஒட்டிச் சரிந்து இறங்கும். பள்ளத்தை ஆறும் ஏரியும் முதலில் நிரப்பும். பிறகு கடல் புகும். கடைசியில் இரு பக்கமும் விலகி, நடுவே எரிமலைக் குழம்பு எழும்பி உறைந்து புதுக் கடல்தரை பிறக்கும். ஆப்பிரிக்காவின் கிழக்கே எத்தியோப்பியா, கென்யா வழியாக இன்று இதன் முதற்கட்டம் நடக்கிறது. இந்தியாவின் கிழக்குக் கரையில் மகாநதி, கிருஷ்ணா–கோதாவரி, பாலாறு, காவிரி என வரிசையாக இருக்கும் படுகைகள் அத்தகைய பிளவில் பிறந்தவை. சென்னையின் மேற்குப் புறநகர் அமர்ந்திருப்பது அவற்றில் ஒன்றின் விளிம்பில்.

எதிலிருந்து கிழிந்தோம்? அந்தார்டிகாவிலிருந்து. தென்கண்டங்கள் எல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே நிலமாக இருந்தபோது, நம் கிழக்குக் கரையும் கிழக்கு அந்தார்டிகாவும் ஒட்டியிருந்தன. அங்கே எண்டர்பி நிலம் என்றொரு கரை உண்டு. அங்கிருந்து வந்த பாறையைக் கேம்பிரிட்ஜின் டில்லி 1936இல் ஆராய்ந்து எண்டர்பைட் என்று பெயரிட்டார். அது சார்னோகைட் குடும்பம்! பல்லாவரத்தின் சொந்தக்காரக் கல் பனிக்கடியில் கிடக்கிறது. இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் உள்ள லார்ஸ்மன் குன்றுகளும் நம் கிழக்குத் தொடர்ச்சி மலையோடு ஒரு காலத்தில் இணைந்திருந்த பகுதிதான்.

பரங்கிமலைக் கல்லுக்குச் சின்னம் என்ற மதிப்பு கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் களிப்பாறைக்கு அது கிடைக்கவில்லை. இரண்டில் நம் கதையை முழுமையாகச் சொல்வது களிப்பாறைதான் என்பது என் எண்ணம். தொழிற்பேட்டைகள் பரவும் அந்தப் பகுதியில் ஓடைக்கரையிலோ பழைய வெட்டுக்குழியிலோ ஓர் ஏக்கராவது வேலியிட்டுக் காக்க வேண்டும். கான்கிரீட் மூடிய பிறகு அந்த இலைகளை யாராலும் திரும்பப் பார்க்க முடியாது.

அந்தார்டிகாவோடு பாறைகள் பொருந்துவதால் மட்டும் கண்டம் நகர்ந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா? 1912இல் ஜெர்மானிய அறிவியலாளர் வெகனர் இதைச் சொன்னபோது பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்கவில்லை. நகர்த்தும் விசை எது என்று அவரால் காட்ட முடியவில்லை. அந்தத் தயக்கம் நியாயமானது. 1950களில் வேறொரு சாட்சி வந்தது. எரிமலைக் குழம்பு உறையும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் பூமியின் காந்தப்புலத்தை அப்படியே பதிவு செய்துகொள்கின்றன. நிலநடுக்கோட்டருகே அந்தப் பதிவு கிடைமட்டமாகவும், துருவத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாகவும் சாய்ந்திருக்கும். லண்டனில் பேட்ரிக் பிளாக்கெட்டின் குழுவினர் மகாராஷ்டிரத்தின் தக்காணப் பாறைகளை அளந்து 1956இல் வெளியிட்ட முடிவு: அந்தக் குழம்பு வழிந்தபோது இந்தியா நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே இருந்தது. அது நடந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன.

அடுத்த சாட்சி நம் அரபிக் கடலுக்கு அப்பால். இந்தியப் பெருங்கடலின் வடமேற்கில் கார்ல்ஸ்பெர்க் முகடு என்ற கடலடி மலைத்தொடர் ஓடுகிறது. அதன் மேல் கப்பலில் இழுத்துச் சென்ற காந்தமானி, கடல்தரையில் நேர்த்திசையும் எதிர்த்திசையுமாகக் காந்தப்பட்ட பட்டைகள் மாறிமாறி வருவதைக் காட்டியது. பூமியின் காந்த வடக்கு–தெற்கு அவ்வப்போது இடம் மாறுவது ஏற்கனவே தெரியும். முகட்டில் புதுத்தரை பிறந்து இருபுறமும் விலகிக்கொண்டே போனால் இந்தப் பட்டைகள் வந்துதான் ஆக வேண்டும் என்று ஃப்ரெட் வைனும் ட்ரம்மண்ட் மேத்யூசும் 1963இல் எழுதினார்கள். கண்டம் கடல்தரையை உழுதுகொண்டு போகவில்லை. தரையே பிறந்து, தட்டோடு சேர்ந்து நகர்கிறது. வெகனருக்குக் கிடைக்காத விடை அது. பட்டைகளின் அகலத்தை வைத்து வேகத்தையும் கணக்கிட முடிந்தது.

வேகம் வியப்பூட்டியது. அந்தார்டிகாவை விட்டு வடக்கே கிளம்பிய இந்தியா ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல் ஓடியிருக்கிறது. தட்டுகளின் கணக்கில் இது மிக அதிகம். இழுத்தது முன்னால் இருந்த பழைய கடல்தரை: குளிர்ந்து கனத்துப்போன தரை ஆசியாவின் அடியில் கவசத்துக்குள் அமிழும்போது, பின்னால் ஒட்டியிருக்கும் தட்டையும் இழுக்கிறது. தட்டுகளின் ஓட்டத்துக்கு இந்த இழுப்பே முதன்மை விசை என்று இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். இந்தியா மட்டும் ஏன் இத்தனை வேகம்? ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் ஜெர்மானிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2007இல் ஒரு விடை தந்தார்கள்: மற்ற கோண்ட்வானாத் துண்டுகளின் விறைப்பான அடுக்கு 180 முதல் 300 கிலோமீட்டர் தடிமன், இந்தியாவுடையது 100 கிலோமீட்டர்தான், ஆகவே இழுபறி குறைவு. வேறு முறையில் அளந்த சிலர் இந்தியாவின் அடியும் தடிமனானதே என்கிறார்கள். ஒன்றுக்குப் பதில் இரண்டு இடங்களில் தரை அமிழ்ந்து இழுத்தது என்று சொல்வோரும் உண்டு. வாதம் முடியவில்லை.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதிய பிறகு வேகம் தணிந்தது. இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நிலையாக வைத்த ஜிபிஎஸ் ஏற்பி, அந்த இடம் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கே போவதைக் காட்டுகிறது. சென்னையும் கூடவே போகிறது. ஒரே தட்டில் இருப்பதால் நசரத்பேட்டைக்கும் பெங்களூருக்கும் இடைத்தூரம் மாறுவதில்லை. லாம்டன் சங்கிலி பிடித்த நாளிலிருந்து இதுவரை இரண்டும் சேர்ந்து பத்து மீட்டருக்கு மேல் நகர்ந்துவிட்டன.

அப்படியானால் தட்டின் விளிம்பு எங்கே? மெரினாக் கரையில் இல்லை. கரைதான் நிலத்தின் முடிவு; தட்டு வங்கக் கடலின் தரையாகத் தொடர்ந்து, சென்னைக்குக் கிழக்கே 1,200 கிலோமீட்டருக்கு அப்பால், அந்தமானையும் சுமத்ராவையும் ஒட்டிய அகழியில் கீழே இறங்குகிறது. அங்கே நூற்றாண்டுக் கணக்கில் சிக்கிக்கிடந்த விளிம்பு 2004 டிசம்பர் 26 காலை இந்திய நேரம் 6.29க்கு விடுபட்டது. ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்த அந்த நடுக்கத்தின் அளவு 9.1. கட்டில் ஆடியதைச் சென்னையில் பலர் உணர்ந்தார்கள். சுமார் இரண்டரை மணி நேரத்தில் கடல் வந்தது. கரை விளிம்பல்ல என்பதால்தான் சென்னையில் அத்தகைய நடுக்கம் பிறப்பதில்லை. கடல் நடுவில் தடை ஒன்றும் இல்லை என்பதால்தான் அலை நம்மை வந்து அடைந்தது.

விளிம்பிலிருந்து விலகி இருப்பதால் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. கண்டம் கிழிந்தபோது விட்டுப்போன பழைய பிளவுகள் இன்றைய அழுத்தத்தில் எப்போதாவது நெளிவதுண்டு. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் வந்த நடுக்கம், விளிம்பில் அல்ல, தட்டின் உள்ளேயே நிகழ்ந்தது. சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே தட்டாக இருந்த நிலை மாறி, நடுவில் உடைந்து வருவதன் அறிகுறியாக அதைப் பலர் காண்கிறார்கள். 2002இல் திருத்திய இந்திய நிலநடுக்கக் கட்டட விதிகள் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தின.

மண்டலம் ஊருக்குப் பொதுவானது, நிலம் அப்படியல்ல. நிலநடுக்க அலை கருங்கல்லில் வேகமாகக் கடந்துபோகும். தளர்ந்த மண்ணுக்குள் வந்ததும் வேகம் குறையும், ஆட்டம் பெருகும். 2001 ஜனவரி 26இல் புஜ் நடுக்கத்தின்போது 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. கட்டடங்களின் குறைகள் ஒருபுறம் இருக்க, நகரத்தின் அடியில் கிடந்த சபர்மதி வண்டல் அதற்கு ஒரு காரணம். பரங்கிமலைப் பாறை மேல் நிற்கும் வீடும், பூந்தமல்லிக்கு மேற்கே தூர்த்த ஏரியின் மேல் நிற்கும் வீடும் ஒரே நடுக்கத்தில் ஒரே அளவு ஆடப்போவதில்லை. இங்கே மாடி மேல் மாடி எழுப்புகிறவர்கள் மண்ணின் தாங்குதிறனைச் சோதிப்பதோடு, அதில் அலை என்ன வேகத்தில் போகிறது என்பதையும் அளந்து கேட்க வேண்டும். அதற்குத் துளைகூடத் தேவையில்லை. தரையில் வரிசையாக உணரிகளை ஊன்றி, ஓர் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்தால், ஓல்டம் 1900இல் பிரித்துக் காட்டிய மூன்றாவது வகை அலை உணரிகளைக் கடந்து போகும். அது எந்தெந்த வேகத்தில் போனது என்பதிலிருந்து மேல் 30 மீட்டரில் எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் எவ்வளவு விறைப்பு என்று கணக்கிட்டுவிடலாம். சென்னையில் பல இடங்களில் ஆய்வாளர்கள் இப்படி அளந்திருக்கிறார்கள்.